அம்மா பார்த்த ஒரே படம்

புனே கோர்படி ரயில்வே லைன் வீடுகளில் என்னோடு பாவாடை கட்டித் திரிந்தவர்களே, போன மாதம் பார்த்த படங்களைப் பற்றி ஏன் குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது. பார்த்தது மூன்று படம். இரண்டைப் பற்றி இப்போதே சொல்லிவிடலாம். மூன்றாவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதுதான் சங்கதி.

முதல் படத்துக்கு மகன் கூட்டிப்போனான். ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் நின்ற நேரத்துக்கு இன்னொரு படமே பார்த்திருக்கலாம். கதாநாயகன் ஒருத்தனை அடித்தால் சுற்றி நிற்கிற எல்லோரும் பறக்கிறார்கள். அவன் சும்மா நடந்து வருவதற்கே அத்தனை மேளம், அத்தனை புகை. எனக்குப் பக்கத்தில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த பையன் பாதியிலேயே தூங்கிப்போனான், கொடுத்துவைத்தவன். என் அபிப்பிராயம் இவ்வளவுதான்: டிக்கெட்டோடு காதில் வைக்கப் பஞ்சும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது பேய்ப் படம். வீட்டிலேயே டிவியில் பார்த்தேன். ஒரு பெண் தனி வீட்டில் இருக்கிறாள், ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் வயலின் அலறுகிறது. பயப்படு, பயப்படு என்று மிரட்டினால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நிஜமான பயத்துக்குப் பின்னணி இசை ஏது? அடுப்பில் பால் பொங்கும், பக்கத்து வீட்டில் துணி உதறுவார்கள், ரொட்டி விற்கிற பாவ்வாலா சைக்கிள் மணியடித்துப் போவான். அந்தச் சத்தங்களுக்கு நடுவில்தான் அது வந்து உட்காரும். எனக்கு அது சின்ன வயதிலேயே தெரியும்.

மூன்றாவது, நம் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் உடனே போனில் தேடுவீர்கள். நம் லைனில் அதற்கு 'வளையல்காரி படம்' என்றுதான் பேர், ஞாபகம் வருகிறதா? அந்தப் படத்தை நான் போன மாதம்வரை பார்த்ததே இல்லை. ஆனால் காட்சிக்குக் காட்சி தெரியும். வளையல் விற்கிற பெண்ணைப் பணக்காரன் ஒருத்தன் கட்டிக்கொள்கிறான், சந்தேகப்படுகிறான், அடிக்கிறான். நான் அறிந்த கதையில் அவள் கடைசியில் ரயிலேறிப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து பிழைத்துக்கொள்கிறாள்.

டிவியில் பார்த்தால் அவள் விஷத்தைக் குடித்துவிட்டுப் புருஷன் மடியில் சாகிறாள். அதுவரைக்கும் அடித்தவன் ஒரு நிமிஷம் அழுகிறான். ஊரே அவள் காலடியில் பூப் போடுகிறது. கோயில் மணி அடிக்கிறது, படம் முடிந்தது.

"என்னம்மா, க்ளைமாக்ஸ் பிடிக்கலையா?" என்று மகன் கேட்டான்.

"இதுக்குப் பேர் க்ளைமாக்ஸாடா?" என்று ரிமோட்டை வாங்கி அணைத்தேன். அன்றைக்குச் சாப்பிடவும் தோன்றவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க என் கண் முன்னால் நடந்ததை நான் எவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

உங்களில் சிலர் அப்போது லைனுக்கு வந்திருக்கவில்லை, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அந்தக் காலத்தில் கன்டோன்மென்ட் தியேட்டரில் தமிழ்ப் படம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் போடுவார்கள். சரியாக நம் தமிழ் ஆராதனை நேரம். கர்த்தருக்கும் கதாநாயகனுக்கும் ஒரே நேரத்தில் போட்டி. சபையில் சினிமா பாவம். தியேட்டர் வாசலில் யாரையாவது பார்த்துவிட்டால் பாஸ்டரிடம் போட்டுக்கொடுக்க ஆள் இருந்தது. பிடிபட்டவர்களுக்குத் திருவிருந்து கிடையாது, அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அவர்கள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா சபை மூப்பர் வேறு. எங்கள் வீட்டில் சினிமாப் போஸ்டரைக்கூட ஏறிட்டுப் பார்க்கக் கூடாது.

ஆனால் நம் பெண்கள் சாமர்த்தியசாலிகள். பார்ப்பதுதானே பாவம்? கேட்பதைப் பற்றிப் பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லையே! பின் லைனில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஹவில்தார் ஒருத்தர் குடியிருந்தார். அவர் மனைவியை நான் ஹவில்தார் அத்தை என்பேன். அவள் நம் சபை இல்லை, அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஞாயிறு காலையில் படம் பார்த்துவிட்டு, திங்கள் மத்தியானம் எங்கள் சமையலறையில் வந்து முழுப் படத்தையும் சொல்வாள். சொல்லி முடிக்கப் படத்தைவிட நேரமாகும். வில்லன் வந்தால் இடுப்பில் கரண்டியைச் செருகிக்கொள்வாள், பாட்டு வந்தால் பாடுவாள், சண்டைக்கு முறத்தைத் தட்டுவாள். அம்மாவும் சித்தியும் குரோஷா ஊசியால் மேஜை விரிப்புப் பின்னிக்கொண்டே கேட்பார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து கடைசிப் பாதியைப் பிடிப்பேன்.

சித்தி அம்மாவின் தங்கை. அதற்கு முந்தின வருஷம்தான் கல்யாணமாகி இரண்டு வீடு தள்ளிக் குடிவந்திருந்தாள். அந்த வரனைத் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து தேடிக் கொண்டுவந்தது அப்பாதான். சித்தப்பா ரயில்வே ஆபீஸில் கிளார்க். பாடகர் குழுவில் அவர் அடித்தொண்டையில் பாடினால் பெஞ்சு அதிரும், உருக்கமாக ஜெபம் பண்ணுவார், எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். சித்தி புழுக்கத்திலும் முழங்கை மறைக்கிற ரவிக்கை போட்டிருப்பாள். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவாள். ஏன் என்று அம்மாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், சுவரில் காது வைக்காமலே லைனுக்கே தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா மட்டும் ஒருநாள் திறந்தார். "வாலிபப் பையன், கை கொஞ்சம் நீளம். ஜெபிச்சா சரியாயிரும்" என்றார். நல்ல மனுஷர், ஆனால் அந்த விஷயத்தில் அவருடைய புத்தி அவ்வளவுதான்.

அந்த வருஷம் புனேயில் மழை விடவே இல்லை. சமையலறையில் கட்டின கொடியில் ஈரத்துணி நாறும். அதோடு மண்ணெண்ணெய் வாடை. அப்படி ஒரு மத்தியானம் சித்தி பின்னிக்கொண்டே, உப்புக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அக்கா, உங்க வீட்ல மூட்டைப்பூச்சி மருந்து இருக்கா? கொஞ்சம் தாங்களேன்."

"உங்களது இரும்புக் கட்டில்லா? மூட்டைப்பூச்சி எங்கேருந்து வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

சித்தியின் ஊசி நூலுக்குள் போய்ப் போய் வந்தது. அத்தை முறத்தில் அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து போய், குளியலறை மாடத்தில் இருந்த அந்தப் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தாள். ஆனால் முனையில் இருந்த கிரானா மளிகைக் கடையில் யார் போய்க் கேட்டாலும் அதைத் தருவான். அம்மாவுக்கு அதுவும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் வந்ததுதான் வளையல்காரி படம்.

திங்கள்கிழமை எங்களுக்கு மழை லீவு. அதனால் கதையை முதலிலிருந்தே கேட்டேன். அடி, உதை, மாமியார் கொடுமை எல்லாம் வந்து போனது. சித்தி தலையைத் தூக்காமல் பின்னிக்கொண்டிருந்தாள். கடைசிக் கட்டம் வந்தது.

"அவ ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கினா. அலமாரியாண்ட ஒரு பாட்டல் கீது. எடுத்தா. தெறந்தா..."

அத்தை நிறுத்திவிட்டாள். அத்தை ஒருநாளும் அந்த இடத்தில் நிறுத்துகிறவள் இல்லை.

"பாட்டில்ல என்ன?" என்றாள் சித்தி. அவள் ஊசியும் நின்றிருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடு கண்ணு" என்று அத்தை என்னிடம் கேட்டாள். டம்ளரை வாயில் வைத்தபடி சித்தியையே பார்த்தாள். மெதுவாகக் குடித்தாள். கீழே வைத்தாள்.

"பாட்டல்ல இன்னா? எண்ண. தலைக்கித் தேய்க்கிற எண்ண. தலைய நல்லா வாரிக்கினா. பொடவைய உதறிக் கட்டிக்கினா. பின்பக்கமா எறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தா."

"தனியாவா?" என்றாள் அம்மா.

"தனியாத்தான்க்கா. கையில கறிகாய் வாங்கற பை. பொட்டி எடுத்தா பாக்கறவன் கேப்பான் இல்ல? சாயங்காலம் மதராஸ் வண்டி. லேடீஸ் பொட்டில ஏறிக்கினா. அரக்கோணத்துல எறங்கினா. அங்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. வாசல்லியே ஒரு நர்ஸம்மா நிக்கிது. வாம்மா, வேல கீது, தங்க எடம் கீதுன்னு கையப் புடிச்சு இட்டுக்கினு பூடுச்சு."

"மதுரைப் பக்கத்துக் கதைன்னுல்லா சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள். "அரக்கோணம் எங்க வந்துச்சு?"

"சினிமாதானக்கா, வண்டி எங்க வேணா போவும்."

சித்தி ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள். "அவன் தேடி வரலியா?"

"வந்தான். கேட்டாண்ட கூர்க்கா வுடல. தொண்ட கிழிய கத்திட்டு பூட்டான்."

சித்தி சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் வேறு படக் கதையே வேண்டாம் என்றாள் சித்தி. வந்தவுடன் "வளையல்காரியச் சொல்லுங்க" என்பாள். அத்தையும் அந்த வாரம் தினமும் வந்து சொன்னாள். முன்கதை சுருங்கிக்கொண்டே போயிற்று, ரயில் மட்டும் நீண்டுகொண்டே வந்தது. எந்தப் பிளாட்பாரம், டிக்கெட் கொடுக்கிற இடத்தில் என்ன சொல்ல வேண்டும், யாராவது கேட்டால் தங்கைக்குப் பிரசவம் என்று சொல்ல வேண்டும், நர்ஸம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாள், கன்னத்தில் மச்சம். அத்தையின் சொந்தத் தங்கைக்குக் கன்னத்தில் மச்சம் இருந்ததும் அவள் அரக்கோணத்தில் நர்ஸாக இருந்ததும் அப்போது எனக்குத் தெரியாது. சினிமாவில் இவ்வளவு விவரம் காட்டுவார்களா என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். படத்துக்கு நல்ல கூட்டம், அடுத்த ஞாயிறும் அதே படம் போட்டார்கள். அந்த ஞாயிறு அம்மா ஆராதனைக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்த சபைக்காரம்மா ஒருத்திக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள்.

மறுநாள் திங்கள்கிழமை, அத்தை அரக்கோணம் ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டிருந்த நேரம், வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. சித்தப்பா. ஆபீஸில் கூரை ஒழுகி அரைநாள் விட்டுவிட்டார்களாம். சித்தியின் மடியிலிருந்த நூல்கண்டு உருண்டு அவர் செருப்பில் போய் முட்டியது. அவர் அதைக் குனிந்து எடுத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன மதினி, பெண்கள் ஜெபக்கூட்டமா?" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "வளையல்காரி படத்தைப் பத்தி எங்க ஆபீஸ்ல எல்லாரும் பேசுதாங்க. முடிவு அருமையா இருக்காமே? சொல்லுங்க, நானும் கேக்கேன். கேக்கதுல பாவம் இல்லல்லா?"

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு முடிவு தெரியுமா, தெரியாமல் கேட்கிறாரா, யாருக்கும் விளங்கவில்லை. ரயில் கதையைச் சொல்லி, அவர் ஆபீஸில் உண்மை முடிவைக் கேட்டிருந்தால், அந்த ரயில் யாருக்காக விடப்பட்டது என்று அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிடும்.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "பாட்டல எடுத்தா. வெஷம். குடிச்சா. புருசன் மடியில உயிரு பூடுச்சு."

"அத்தை, எண்ணெய்னு..." என்று நான் ஆரம்பித்தேன்.

அம்மா சட்டியிலிருந்து எடுத்த பஜ்ஜியைச் சுடச்சுட என் வாயில் திணித்தாள். நாக்கு வெந்துபோயிற்று. கத்தவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் கொட்ட நான் கொல்லைப் பக்கம் ஓடினேன். நாக்குப் பொத்துப்போனதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயம்.

"அப்படி இருக்கணும்" என்று சித்தப்பா சொன்னது கொல்லைவரை கேட்டது. "புருஷன் மடியில சாகக் குடுத்து வைக்கணும். கேட்டியா?" கடைசிச் சொல் சித்திக்கு.

அன்று சாயங்காலமே அவர் அப்பாவிடம் வந்து பேசினார். மூப்பர் வீட்டுச் சமையலறையில் சினிமாக் கதையா அண்ணாச்சி, நாளைக்குச் சபையில் கேட்டால் நம் முகத்தை எங்கே வைப்பது என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அப்பா கோபத்தில் கொதித்தார். ஹவில்தார் அத்தை இனி வாசல்படி ஏறக் கூடாது. சித்தியும் வேலையற்று இங்கே வந்து உட்காரக் கூடாது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சித்தி ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் பின்வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அவ செத்துத்தான் போயிருக்கா" என்றாள். முகத்தில் லேசான சிரிப்பு. "அப்பந்தான் அவனுக்கு அழுகையே வந்திருக்கு, பாத்தீங்களா?"

அம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அவள் வீட்டுப் பக்கமிருந்து சித்தப்பாவின் கனைப்பு. சித்தி போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க அம்மா சோற்றைக் குழைய விட்டாள், பாலைப் பொங்க விட்டாள். சித்தி வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். கிரானா கடைக்காரனிடம் போய், அந்த மருந்தைத் தங்கைக்குத் தராதே என்று தெரிந்த அரைகுறை மராத்தியில் கெஞ்சிவிட்டுக்கூட வந்தாள். தங்கையிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. ஆராதனையில் மட்டும் பெண்கள் பக்கம் பக்கத்தில் உட்காரலாம்.

அடுத்த ஞாயிறு சபைக் கோயிலில் சித்தி, அம்மா, நான், இந்த வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பாடகர் குழு எங்களுக்கு எதிரே. சித்தப்பா சித்தியைப் பார்த்தபடியே பாடினார். பாஸ்டர் நீண்ட ஜெபத்தைத் தொடங்கியதும் எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்தோம். நான் வழக்கம்போல் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஏட்டி" என்று அம்மா கிசுகிசுத்தாள். "நான் அந்தப் படத்தப் பாத்துட்டேன்."

சித்தியின் தலை நிமிர்ந்தது.

"குனி. போன ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுட்டுத் தியேட்டருக்குப் போயிட்டேன். அவ சாகலட்டி. ஹவில்தாரம்மா முதல்ல சொன்னதுதான் சரி. வண்டியேறிட்டா. எங் கண்ணால பாத்தேன். கர்த்தர் சந்நிதில இருந்து சொல்லுதேன்."

சித்தி அம்மாவையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். எங்களுக்குப் பின் பெஞ்சில் இருந்த ஞாயிறு பள்ளி டீச்சர் கண்ணைத் திறந்தாள்.

நேரடியாகவே 'ஓடிப்போடி' என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் சொல்வீர்கள். மூப்பர் பெண்டாட்டி, தாலி கட்டினவனை விட்டுப் போ என்று எந்த வாயால் சொல்வாள்? சொன்னாலும் சித்தி கேட்டிருப்பாளா? எங்கே போக, எப்படிப் போக, யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று அழுதிருப்பாள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அந்தப் படத்தில் பதில் இருந்தது. ஆனால் அந்தப் படம் பொய் என்று ஆகியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. சித்தப்பா பாட்டுப் புத்தகத்தை ஈரம்படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனதை ஜன்னலில் பார்த்தேன். அம்மா மேஜை விரிப்பை எடுத்து உட்கார்ந்தாள். ஒரு வரிசை பின்னுவாள், பிரிப்பாள். திரும்பவும் பின்னுவாள். மழைச் சத்தத்துக்கு நடுவில் மதராஸ் வண்டி ஊதிக்கொண்டு போவது கேட்டது. அம்மா எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் சித்தப்பா வந்து கதவை இடித்தார். "அவ இங்க இருக்காளா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார். லைன் ஆண்கள் எல்லாம் டார்ச் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். "முதல்ல தண்டவாளத்தப் பாருங்க" என்று யாரோ கத்தினார். அதைக் கேட்டதும் அம்மாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அன்றைக்கு அவள் பட்ட பாடு எனக்கு இப்போதுதான் புரிகிறது. வண்டி போனது என்று அவளுக்குத் தெரியும். தங்கை வண்டிக்குள் போனாளா, வண்டிக்கு முன்னால் போனாளா, அது தெரியாது.

தண்டவாளத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிணறு, நாலா ஓடை என்று தேடிவிட்டு அப்பா சேறும் சகதியுமாகத் திரும்பினார்.

மறுநாள் காலையில், படி ஏறக் கூடாது என்று சொல்லப்பட்ட ஹவில்தார் அத்தை பின்வாசலில் வந்து நின்றாள். கூடத்தில் அப்பா இருந்தார்.

"ஒரு கப் சக்கர குடுக்கா" என்று உரக்கக் கேட்டாள். அம்மா வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து ஒரு படம் பாத்தேன்க்கா. நல்ல படம். வண்டி கெளம்பறப்போ அவ ஜன்னலாண்ட குந்திக்கினு இருந்தா. கையில கறிகாய்ப் பை."

வியாழக்கிழமையில் ஏது தமிழ்ப் படம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஞாயிறு பள்ளி டீச்சர் தான் கேட்டதைப் பாஸ்டரிடம் சொன்னாள். அக்கா தியேட்டருக்குப் போனாள், தங்கை வீட்டை விட்டுப் போனாள், சினிமா செய்த வேலையைப் பாருங்கள் என்று ஆளுக்கு ஆள் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். பாஸ்டர் வீட்டுக்கே வந்தார். அப்பா தலை நிமிராமல் கேட்டார்.

"படம் பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"ஆசையா இருந்துச்சு."

இல்லை என்றால், பின்னே தங்கையிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் சித்தி போன இடம் வெளியே வரும். இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? என்னை விட்டுவிட்டுத் தனியாகப் படம் பார்த்துவிட்டாளே என்று நான் அவளோடு பேசாமல் இருந்தேன்.

ஈஸ்டர் வரை அம்மாவுக்குத் திருவிருந்து இல்லை. பெஞ்சில் எல்லோரும் எழுந்து போவார்கள், அவள் மட்டும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூப்பரான அப்பா தட்டை ஏந்திக்கொண்டு அவளைக் கடந்து போவார். அந்தப் பக்கம், பெண்டாட்டி ஓடிப்போன பாவப்பட்ட மனுஷர் என்று சித்தப்பாவுக்குச் சபை முறைபோட்டுச் சாப்பாடு அனுப்பியது. எங்கள் முறை வரும் நாளில் அம்மா டப்பா கட்டிக் கொடுப்பாள். குழம்பில் உப்புப் போட மட்டும் தவறாமல் மறந்துவிடுவாள். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு சபை முன்னால் நிறுத்தி, இனி ஜென்மத்துக்கும் சினிமா பார்க்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா தெளிவான குரலில் வாக்குக் கொடுத்தாள்.

படம் பார்த்து முடித்த மறுநாள் சித்திக்குப் போன் போட்டேன். சித்தி இப்போதும் அரக்கோணத்தில்தான் இருக்கிறாள், அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். காது மந்தம், மற்றபடி கல்லு மாதிரி இருக்கிறாள்.

"சித்தி, வளையல்காரி படம் பாத்தேன். அவ செத்துப்போறா."

"தெரியும்டி. நான் வேலைக்குச் சேந்த புதுசுல இங்க கொட்டாய்ல போட்டாங்க. நர்ஸுங்க கூட்டிட்டுப் போனாங்க. அவ பாட்டில எடுத்தப்போ, எண்ணெய் எண்ணெய்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தேன். குடிச்சிட்டா. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

"அப்பவே தெரிஞ்சுதா?"

"ஹவில்தாரம்மா ரெண்டு விதமா சொன்னா. அவ சொல்லி நான் ஏறல. எங்கக்கா சொன்னா, ஏறினேன். எங்கக்கா பொய் சொல்லி நான் பாத்ததே இல்லியே. பெறவு ஒருக்கா நேர்ல பாத்தப்போ கேட்டேன். நீ பாத்தது வேற படம்ட்டின்னுட்டா."

அம்மாவைத் திருவிருந்திலிருந்து தள்ளிவைத்தது சித்திக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். அம்மா சொல்லவில்லை. போனுக்கு அந்தப் பக்கம் அந்தக் கிழவி அழுவதைக் கேட்டுக்கொண்டு நானும் அழுதேன்.

வீட்டுக்கு டிவி வந்தபோது ஞாயிறு சாயங்காலப் படத்துக்கு முதல் நாற்காலி போட்டு உட்கார்ந்தது யார் தெரியுமா? அப்பாதான். காலம் மாறிவிட்டது, பாஸ்டர் வீட்டிலேயே டிவி இருந்தது. அம்மா மட்டும் சமையலறையில் இருப்பாள். "திருட்டுப் படம் பாத்தவளுக்கு இப்ப என்ன கூச்சம், வா" என்று அப்பா கேலி செய்வார், நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னிக்கொண்டே, "யார் வந்திருக்கா? என்ன சொல்லுதான்?" என்று கேட்பாள். நாங்கள் இங்கிருந்து கத்திச் சொல்வோம். கடைசிவரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. செய்யாத பாவத்துக்குக் கொடுத்த வாக்கை அவள் அப்படிக் காப்பாற்றினாள். நம் குரூப்பிலேயே படம் பார்த்து அபிப்பிராயம் சொல்வதில் நான்தான் பெரிய ஆள் என்பீர்களே, என்னைப் பெற்றவள் ஒரு படம்கூடப் பார்க்காமலே செத்துப்போனாள்.